மொழிபெயர்ப்பாளர் கட்டணம்: தொண்ணூறு யூரோ

பத்திரத்தை உரக்க வாசித்தாக வேண்டும், இங்கே அது சட்டம்.
வாங்குபவருக்கு மொழி தெரியாவிட்டால்
தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுவும்.
அப்படித்தான் நான்
எவோராவுக்குத் தெற்கே, புழுக்கமான ஒரு நோட்டரி அறையில்,
எப்பே ஸ்கோகோருக்கும் அவர் வாங்கப்போகும் வீட்டுக்கும் நடுவில்.

என் டேனிஷ் ஸ்காகன் மீன் ஆலையில் கற்றது.
கத்தி தெரியும், பனிக்கட்டி தெரியும், ஓவர்டைம் நன்றாகத் தெரியும்.
முத்திரைத் தீர்வை
நேற்று இரவு கற்றுக்கொண்டேன்.

எதிர் வரிசையில் விற்பவர்கள்.
ஐந்து வாரிசுகள், ஆளுக்கு ஐந்தில் ஒன்று.
அடுப்படி யாருடைய ஐந்தில் வருகிறது என்று
பத்தொன்பது வருடமாக வாய்ச்சண்டை,
பேச்சு நின்று ஆறு வருடம்.
லக்சம்பர்க்காரர் வரவில்லை, பவர் பத்திரம் வந்திருக்கிறது.

வீடு அறுபத்தெட்டாயிரம்.
கைமாறும் வரி, நூற்றுக்கு ஒன்று: அறுநூற்று எண்பது.
முத்திரை: ஐந்நூற்று நாற்பத்து நான்கு.
பதிவுக்குத் தனி. வக்கீலுக்குத் தனி,
வக்கீலின் கட்டணத்துக்கு வரி தனி.
இழுவைப் படகின் எஞ்சின் அறையில்
எண்ணெய் அழுத்தம் எழுதிவைத்த அதே கட்டக் குறிப்பேட்டில்
எப்பே ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார்.
எனக்குத் தொண்ணூறு என்றபோது
தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்,
இவ்வளவுதானா என்றா, இவ்வளவா என்றா,
அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிறகு ஆண்டு வரி.
சதுர மீட்டர், சுவரின் வயது, தெருவின் மதிப்பு,
ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, எல்லாவற்றுக்கும் ஓர் எண்.
"வெயிலுக்கு வரியா?"
"வெயில் வரும் ஜன்னலுக்கு."
என் தொண்ணூறு யூரோ
இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குத்தான்.
"எங்கள் ஊரில் வெயில் இருந்தால் நாங்களும் போட்டிருப்போம்" என்றார்.
சொன்னேன். ஐவரில் வந்திருந்த நால்வரும்
ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு
உடனே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வில்லங்கம் ஏதும் இல்லை" என்று வாசித்த
டோனா எர்மெலிண்டா
கண்ணாடியைக் கழற்றினார்.
கிணறு இருக்கும் துண்டு நிலம் வேறு எண்ணாம்.
இந்தப் பத்திரத்தில் அது இல்லை.
இன்னமும் இறந்துபோன தகப்பன் பெயரில்.
ஆனால் வரி பாக்கி இல்லை.
வருடம் பதினொரு யூரோ நாற்பது, ஒவ்வொரு மே மாதமும்
யாரோ கட்டியிருக்கிறார்கள்.

"நான்தான்" என்றாள் அடோசிண்டா.
நான்காவது ஐந்தில் ஒன்று.
"அங்கே வெங்காயம் போடுகிறேன்."

அதையும் சேர்த்து எழுதினால்?
நிலம் எண்ணூறு பெறாது.
புது அளவை, புதுப் பத்திரம், ஐந்து சதவீதம், மறுபடி முத்திரை,
மறுபடி நான்: ஆயிரத்தைத் தாண்டும்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இதை எந்த மொழியில் சொல்வது என்று நான் தேடுவதற்குள்
எப்பே குறிப்பேட்டை மூடிவிட்டார்.
"வெங்காயம் அவரிடமே இருக்கட்டும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"கிணற்றுக்கு வழி அவர் கேட்டுக்குள்தானே?"

டோனா எர்மெலிண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டு வரி அடித்துச் சேர்த்தார்.
திரும்ப முதலிலிருந்து வாசித்தார், அதுவும் சட்டம்.
வில்லங்கம்: ஒன்று.
வடக்கு வேலியோரம் மூன்றடி அகலத்தில் நடைவழிப் பாத்தியதை,
ஒரு பெண்ணுக்கும் அவள் வாளிக்கும்.
வாளியை நான் சேர்த்தேன்.
அவருக்குச் சொன்னபோது மட்டும்.

கையெழுத்துகள் முடிந்து, என் ரசீதில்
கால்பங்கு பிடித்தம் போக அறுபத்தேழரை.
படியிறங்கும்போது எப்பே கேட்டார்:
"அந்த மூன்றடிக்கு யார் வரி கட்டுவது? நானா, அவரா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.